எழுத்துகள் இடம் மாறினால்...

எழுதுகோலைக் கொண்டு கற்கும் பேறு, இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் தலையாயது. அப்பேற்றை நாம் நாள்தோறும் துய்த்து வருகிறோம். ஆயினும், கண்முன் உள்ள கோடுகளும் வளைவுகளும் நொடிப்பொழுதில் பொருளாக மாறுவது எங்ஙனம் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கீழ்வரும் தொடரைச் சற்று விரைந்து படித்துப் பார்ப்போம்:

“மாவணர்கள் நூகலத்தில் புத்கதங்களைத் தேனாடிர்கள்.”

இத்தொடரில் ஒரு சொல்லேனும் பிழையின்றி அமையவில்லை. ஒவ்வொரு சொல்லின் இடையிலும் அடுத்தடுத்த ஈரெழுத்துகள் இடம் மாறியுள்ளன. எனினும், மாணவர்கள் நூலகத்தில் புத்தகங்களைத் தேடிய செய்தி நமக்கு எட்டிவிடுகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது? பொருள் விளங்குவதால் எழுத்துகளின் வரிசை இன்றியமையாததன்று என்று கொள்ளலாமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரவிய செய்தியும் அதன் மூலமும்

2003ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஆங்கிலப் பத்தியொன்று உலகெங்கும் கைமாறிப் பரவியது. ஒரு சொல்லின் முதலெழுத்தும் இறுதியெழுத்தும் தத்தம் இடத்தில் நின்றாற் போதும், இடையெழுத்துகள் எவ்வாறு சிதறியிருப்பினும் படிப்பதில் இடர்ப்பாடு இல்லை என்பது அதன் சாரம். அப்பத்தியே எழுத்துகள் சிதறிய நிலையில் எழுதப்பட்டிருந்தமையால், படித்தவர் அனைவரும் வியந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வின் முடிவு இது என்ற குறிப்பும் அதனுடன் சேர்ந்து வந்தது.

கேம்பிரிட்ஜ் நகரிலேயே மொழியறிவும் மூளையும் பற்றி ஆராய்ந்துவந்த மேத் டேவிஸ் இச்செய்தியின் மூலத்தைத் தேடினார். அங்கு எவரும் அத்தகைய ஆய்வை மேற்கொண்டதாகத் தாம் அறியவில்லை என்று எழுதினார். தேடலின் முடிவில், கிரகாம் ராலின்சன் என்பார் 1976இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்திற்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு வெளிச்சத்திற்கு வந்தது. சொல்லை அறிவதில் எழுத்தின் இடம் பெறும் பங்கை அவ்வாய்வேடு ஆராய்ந்திருந்தது. ஆக, செய்தியில் ஓர் உண்மை இருந்தது. ஆனால் ஊரும் பேரும் மாறி, அளவும் மிகுந்து அது பரவியிருந்தது. ஒரு செய்தியைக் கேட்டவுடன், அதை அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என வரிசையாக வினவித் தெளிவது ஹதீஸ் கலை வல்லார் நமக்குக் காட்டிய நெறி. அந்நெறி எக்காலத்திற்கும், எத்துறைக்கும் உரியது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்றாகும்.

கண் காண்பதும் மனம் கொள்வதும்

படிக்கும்போது நம் கண்கள் வரியின்மீது ஒரே சீராக ஊர்ந்து செல்வதாக நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. கண்கள் ஓரிடத்தில் நொடியில் நான்கில் ஒரு பங்கு நேரம் நின்று, பின்னர் அடுத்த இடத்திற்குத் தாவுகின்றன. நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள சில எழுத்துகள் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. அச்சிறு பொழுதில் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதற்கு நேரமில்லை. ஆகவே, பழகிய வாசகரின் மனம் சொல்லின் எழுத்துகள் பலவற்றை ஒருசேர ஏற்றுக்கொள்கிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வு செய்த ஜேம்ஸ் கேட்டல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதற்குச் சான்று காட்டினார். 1969இல் ஜெரால்டு ரைக்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இதனை மேலும் உறுதிப்படுத்தினார். ஓர் எழுத்தைத் தனியே மின்னல்போல் காட்டி மறைப்பதைவிட, பழகிய சொல் ஒன்றின் உறுப்பாகக் காட்டி மறைத்தால், மக்கள் அதனைச் சரியாக இனங்காண்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. எழுத்து சொல்லை உணர்த்துவது போலவே, சொல்லும் எழுத்தை உணர்த்துகிறது என்பது இதனால் பெறப்படுகிறது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இது இன்ன எழுத்து என்பதை மனம் உறுதியாகப் பற்றுகிறது. அது நிற்கும் இடத்தையோ தோராயமாகவே குறித்துக்கொள்கிறது. ஆதலின், இடையில் ஈரெழுத்துகள் இடம் மாறினும் மனம் பழகிய சொல்லையே சென்றடைகிறது. சொல்லின் முதலிலும் இறுதியிலும் உள்ள எழுத்துகளுக்கு ஒரு பக்கம் வெற்றிடம் இருப்பதால், அவை இடையெழுத்துகளைப்போல நெருக்கத்தில் மங்குவதில்லை. ‘மாவணர்கள்’ என்பதை எளிதில் ஏற்கும் நாம், ‘ணமாவர்கள்’ என்பதைக் கண்டால் தயங்கி நிற்பது இதனாலேயாம்.

வியப்பின் விலை

ஆயினும் இவ்வாற்றல் விலையின்றிக் கிடைப்பதன்று. ஆங்கிலப் பத்தி எளிதாயிருந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆங்கிலத்தில் இரண்டும் மூன்றும் எழுத்துகளால் ஆன சிறு சொற்கள் மிகுதி. அவற்றில் மாற்றுவதற்கு இடையெழுத்துகளே இல்லாமையால், அவை சிதையாமல் நின்று வாக்கியத்தின் கட்டமைப்பைக் காத்தன. கூறவந்த கருத்தும் முன்கூட்டியே ஊகிக்கத் தக்கதாய் இருந்தது. நீண்ட சொற்களின் இடையெழுத்துகளை முற்றிலும் கலைத்து, அறியாத பொருள் ஒன்றைப் பற்றி எழுதியிருப்பின், படித்தவர் திணறியிருப்பர்.

கீத் ரேய்னரும் உடன் ஆய்வாளர்களும் கண்ணசைவை அளந்து இவ்விலையைக் கணக்கிட்டு 2006இல் வெளியிட்டனர். இயல்பான ஆங்கிலத் தொடர்களை நிமிடத்திற்கு 255 சொற்கள் வீதம் படித்தவர்கள், இடையெழுத்துகள் மாறியபோது 227 சொற்களே படித்தனர். சொல்லின் இறுதிப்பகுதி எழுத்துகள் மாறியபோது வேகம் 189 ஆகவும், தொடக்க எழுத்துகள் மாறியபோது 163 ஆகவும் குறைந்தது. படிக்க இயலும் என்பது உண்மை. இடர்ப்பாடு இல்லை என்பது உண்மையன்று.

மொழிக்கு மொழி வேறுபாடு

எல்லா மொழிகளும் இவ்வகையில் ஒரு தன்மையன அல்ல. எபிரேயம், ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் வல்லவர்களைக் கொண்டு ஹதாஸ் வெலான், ராம் ஃபிராஸ்ட் ஆகியோர் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுத்து மாற்றத்தை எளிதில் கடந்துசென்ற அதே மனிதர்கள், எபிரேயத்தில் பெரிதும் இடறினர். அரபு மொழியில் மனுவேல் பெரேயா முதலியோர் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வும், வேரெழுத்துகளின் வரிசை அம்மொழியில் எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டிற்று.

காரணம் யாது? அரபுச் சொற்களுள் மிகப் பல மூன்று மெய்யெழுத்துகளாலான வேரிலிருந்து கிளைப்பவை. காஃப், தா, பா என்னும் மூன்றும் அதே வரிசையில் நிற்கும்போது கிதாப், காதிப், மக்தப் என எழுத்தோடு தொடர்புடைய சொற்கள் பிறக்கின்றன. வரிசை மாறினால் வேர் மாறுகிறது. வேர் மாறினால் பொருள் மாறுகிறது. நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் இரு சொற்களையே காண்போம். ஐன், லாம், மீம் என்ற வரிசையில் அமைவது ‘இல்ம்’. அது கல்வி. ஐன், மீம், லாம் என்று மாறினால் அது ‘அமல்’. அது செயல். கல்வியும் செயலும் ஒரே மூன்றெழுத்துகளால் ஆனவை. அவற்றைப் பிரித்துக் காட்டுவது வரிசை ஒன்றே.

நம் தமிழின் நிலை என்ன? விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஏற்று நீண்ட சொற்களில், தொடக்கத்தில் காட்டிய தொடரைப்போல, மனம் பற்றிக்கொள்ளப் பல அடையாளங்கள் உள்ளன. குறுகிய சொற்களில் அவ்வாய்ப்பு அரிது. ‘நகரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தையும் இறுதியெழுத்தையும் தொடாமல் இடையிலுள்ள இரண்டை மட்டும் மாற்றுவோம். கிடைப்பது ‘நரகம்’! பரவிய செய்தி கூறிய விதி சிறிதும் மீறப்படவில்லை. ஆனால் மக்கள் வாழுமிடம் பாவிகள் வருந்துமிடமாயிற்று. ‘கவலை’யின் வகரமும் லகரமும் இடம் மாறினால் ‘கலவை’ ஆகிவிடுகிறது. இங்கெல்லாம் வாசகர் ஊகத்தால் திருத்திக்கொள்ள முற்படுவதற்கு முன்னரே, வேறொரு சொல் முறையாக வந்து நின்றுவிடுகிறது.

பிழை காணாத கண்

பிழையைத் தாண்டிப் பொருளைக் காணும் அதே ஆற்றல், பிழையைக் காணவொட்டாமலும் செய்கிறது. தாம் எழுதியதைத் தாமே திருத்துவோர் இதனை நன்கறிவர். எழுத எண்ணிய சொல் மனத்தில் நிறைந்திருப்பதால், எழுதிய சொல் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேறொருவர் பார்த்த மாத்திரத்தில் சுட்டும் பிழை, எழுதியவர் பார்வைக்குப் பன்முறையும் தப்பிவிடுகிறது. இதனைக் கவனக்குறைவு என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. திறமையாகப் படிக்கும் மனத்தின் இயல்பே அது.

ஓலைச்சுவடிகளின் வரலாறு இதற்கு மற்றொரு சான்று. ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துகள் புள்ளி பெறா. எகர ஏகாரங்களுக்கு வடிவ வேறுபாடு இராது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றை நம் முன்னோர் படித்தது சொற்பழக்கத்தாலும் இடம் நோக்கிய ஊகத்தாலுமே ஆகும். ஏடெழுதுவோர் ஊகம் தவறியபோது பாடவேறுபாடுகள் தோன்றின. சீறாப்புராணத்தை 1842இல் அச்சுக்குக் கொணர்ந்த புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிமும், சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும், கண் விரைந்து ஊகித்ததை ஏற்று அமையாமல் ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி ஆராய வேண்டிய பணியில் ஈடுபட்டவர்கள். அவர்தம் பெருமையின் ஒரு பகுதி அப்பொறுமையில் அடங்கியுள்ளது.

கண்ணின் இக்குறையை நீக்க வழியில்லையா? உண்டு. அதனை நம் மக்தப் மதரஸாக்களிலேயே காணலாம். திருக்குர்ஆனை மனனம் செய்யும் மாணவர் தம் உஸ்தாதின்முன் அமர்ந்து வாய்விட்டு ஓதுகிறார். உஸ்தாத் ஒவ்வோர் எழுத்தையும் அதன் பிறப்பிடத்தோடு செவிமடுக்கிறார். ஓரெழுத்து பிறழினும் அங்கேயே நிறுத்தித் திருத்துகிறார். கண் தாவிச் செல்லும் இடத்தில் நாவும் செவியும் காவல் நிற்கின்றன. அச்சகங்களிலும் ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றொருவர் மெய்ப்பை ஒப்புநோக்கும் வழக்கம் இருந்தது. இவ்விரு முறைகளும் நமக்கு உணர்த்தும் பாடம் ஒன்றே.

எனவே, மாணவ நண்பர்களுக்கு நாம் கூற விழைவது இதுதான். எழுத்துகள் சிதறினும் பொருள் விளங்குவது, படிப்பவருடைய மனத்தின் சிறப்பைக் காட்டுகிறது. எழுதியவருடைய சோர்வுக்கு அது நற்சான்று ஆகாது. நாம் பிழைபட எழுதும்போதெல்லாம், அதனைத் திருத்திப் படிக்கும் உழைப்பைப் படிப்பவர் தலையில் சுமத்துகிறோம். பழகிய வாசகர் அதனைத் தாங்கிக்கொள்வார். இப்போதுதான் எழுத்துக் கற்கும் குழந்தையோ, தமிழை இரண்டாம் மொழியாகப் பயில்பவரோ தாங்க இயலாது. பொருள் அறிவதற்கு விரைந்து படிப்போம். எழுதியதைத் திருத்துவதற்கு வாய்விட்டு மெல்லப் படிப்போம். ‘இல்ம்’ ‘அமல்’ ஆவது எழுத்தின் பிறழ்ச்சியால் நிகழ்ந்தால் அது பிழை. கற்றவரின் வாழ்வில் நிகழ்ந்தால் அதுவே கல்வியின் பயன்.