பாட்டி கேட்ட பதினெட்டு ரூபாய்

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சில நாட்களுக்கு முன் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாம் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, கடைக்குப் போயிருந்த அவருடைய மகன் திரும்பி வந்தான். பாட்டியம்மாள் கொடுத்தனுப்பியது 200 ரூபாய். பையன் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு மெல்ல நழுவப் பார்த்தான்.

"கண்ணு, மிச்சம் பதினெட்டு ரூவா எங்க சாமி?" என்றார் பாட்டி.

பையன் திருதிருவென்று விழித்தான். கடலை மிட்டாய் வாங்கித் தின்றதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அவனுக்கு விடுதலை கிடைத்தது. பாட்டி அவனைத் திட்டவில்லை. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'மிட்டாய் 18' என்று எழுதி வைத்தார். கணக்கு நேராயிற்று.

வீட்டுக்கு எதிரே புதிதாய்ப் போட்ட ஸிமெண்டு ரஸ்தா பளபளவென்று கிடந்தது. "இந்த ரஸ்தாவுக்கு எவ்வளவு செலவாயிற்று, அம்மா?" என்று கேட்டோம்.

"அது கெவுருமெண்டுக் காசுங்க. நமக்கு எதுக்குங்க அந்த வம்பு?" என்றார் பாட்டி.

பதினெட்டு ரூபாயை விடாமல் கேட்டவர், பல லட்ச ரூபாயை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறோம். 'கெவுருமெண்டுக் காசு' என்று தனியாக ஒரு காசு எந்த அச்சுக்கூடத்திலும் அடிக்கப்படுவதில்லை. பாட்டி கட்டும் வீட்டு வரியும், தண்ணீர்க் கட்டணமும், அவர் வாங்கும் சோப்புக் கட்டியின் விலைக்குள் மறைந்திருக்கும் வரியும் சேர்ந்துதான் அந்த ரஸ்தாவாக வந்து படுத்திருக்கின்றன.

கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் இல்லை

ஆட்சி செய்பவரைக் கணக்குக் கேட்பது மேல்நாட்டாரிடம் நாம் கற்றுக்கொண்ட வழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் உத்தரமேரூருக்கு ஒரு முறை போய் வரலாம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட சாசனங்கள் ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடக்கூடாது என்பது அவ்விதிகளில் ஒன்று. அவன் பெயர் மட்டுமல்ல. அவனுடைய தகப்பன், மகன், மருமகன் முதலிய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் விழக்கூடாது!

அந்தச் சபை எல்லா ஜனங்களும் கூடிய சபையன்று. நிலமும் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை. அதை மறைப்பதற்கில்லை. ஆயினும், பொதுப் பணத்தைக் கையாண்டவன் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்ற நெறியை 1,100 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்று எல்லா ஜனங்களுக்கும் வாக்குரிமை இருக்கிறது. அந்த நெறியைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கேட்டவர்களால் வந்த தண்ணீர்

கோயமுத்தூர் 1866ஆம் ஆண்டில் முனிசிபாலிடி ஆயிற்று. 1882இல் ரிப்பன் பிரபு ஸ்தல சுய ஆட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். கொங்கு நாட்டின் பெருமக்கள் பலர் நகரசபைகளில்தான் பொது வாழ்வின் அரிச்சுவடியைக் கற்றார்கள். சேலம் நகரசபைக்கு ராஜாஜியும், ஈரோடு நகரசபைக்கு ஈ. வெ. ராமசாமியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைவர்களாக இருந்தார்கள். குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் அற்ப விஷயங்கள் என்று அவ்விருவரும் எண்ணவில்லை.

கோயமுத்தூரின் சிறுவாணித் தண்ணீர் தானாக மலையிலிருந்து இறங்கி வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பத்திரிகாசிரியர் சே. ப. நரசிம்மலு நாயுடு அதற்காக வாதாடத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பின்னும் பலர் இடைவிடாமல் வற்புறுத்தினர். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தத் தண்ணீர் நகரத்துக் குழாயில் வந்தது. கேட்பவன் ஒருவன் இருந்தால் மலையருவியும் நகரத்துக்கு வரும் என்பதற்குச் சிறுவாணியைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நாற்காலிகள் காலியாய் இருந்த காலம்

அரசியல் சட்டத்தின் 73, 74ஆவது திருத்தங்கள் 1993இல் அமலுக்கு வந்தன. ஊராட்சிகளும் நகரசபைகளும் மாகாண சர்க்காரின் தயவில் வாழ்பவையல்ல, ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடந்தே ஆகவேண்டும் என்று அவை விதித்தன. சட்டம் சொன்னது அது. நடந்ததைப் பாருங்கள்.

2016 அக்டோபரில் தமிழ் நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களின் பதவிக் காலம் முடிந்தது. அவ்வாண்டுத் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் வழக்குகளும் வார்டு வரையறையும் காலத்தை விழுங்கின. கோயமுத்தூர் மாநகராட்சிக்கு மறுபடி தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் 100 வார்டுகளுக்கும் ஓர் அங்கத்தினர்கூட இல்லை. தனி அதிகாரி ஆட்சி நடந்தது. தேர்தல் நடவாததால் மத்திய சர்க்காரின் மானியத்திலும் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் செலவு நின்றுவிட்டதா? இல்லை. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நகரத்துக்கு 24 மணி நேரமும் குடிதண்ணீர் வழங்க ஸூயஸ் என்னும் பிரெஞ்சுக் கம்பெனியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒப்பந்தத்தின் காலம் 26 ஆண்டுகள். மதிப்பு 3,000 கோடி ரூபாய்க்கு மேல். அன்று பிறந்த குழந்தை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்த ஒப்பந்தம் உயிரோடிருக்கும். 2020இல் வெள்ளலூரில் 168 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒரு பெரிய பஸ் நிலையத்தின் வேலை ஆரம்பமாயிற்று. பல கோடி ரூபாய் செலவான பின், ஆட்சி மாறி, வேலை பாதியில் நின்றது. தொடங்கியவர்கள் ஒரு நியாயம் சொன்னார்கள். நிறுத்தியவர்கள் வேறொரு நியாயம் சொன்னார்கள்.

தண்ணீர்த் திட்டம் நல்லதா, கெட்டதா, பஸ் நிலையம் வெள்ளலூரில் வரவேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. அதிகாரிகள் திறமையற்றவர்கள் என்பதும் நம் கருத்தன்று. அவ்வொப்பந்தம் ஏற்பட்டபோதும், அந்த அஸ்திவாரம் தோண்டப்பட்டபோதும், "இது ஏன்? இவ்வளவு ஏன்? இங்கே ஏன்?" என்று மாமன்றத்தில் எழுந்து கேட்பதற்கு ஜனங்கள் அனுப்பிய ஒருவர்கூட அங்கே இல்லை. கேள்வி கேட்டுப் பதில் பெற்றபின் செய்த காரியம் தவறானாலும், அதன் பொறுப்பு யாருடையது என்பது தெரியும். கேள்வியே இல்லாமல் செய்த காரியத்துக்குப் பிற்பாடு பொறுப்பாளி அகப்படுவதில்லை.

கிராமங்களிலும் கதை அதுவே. கோயமுத்தூர் ஜில்லாவின் ஊராட்சிகளுக்கு 2019 டிஸம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதியுடன் அவற்றின் காலம் முடிந்து, மறுபடியும் தனி அதிகாரிகள் வந்தார்கள்.

ஓடந்துறையின் மின்சாரப் பில்

ஸ்தல ஸ்தாபனங்கள் என்றாலே விரயமும் வில்லங்கமுந்தான் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை என்ற ஊராட்சி இருக்கிறது. 1996 முதல் 2006 வரை அதன் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். குடிதண்ணீர் இறைக்கவும் தெரு விளக்கு எரிக்கவும் ஆகும் மின்சாரச் செலவு ஏறிக்கொண்டே போவதை அவர் கவனித்தார். நம் பாட்டியைப் போலவே, "இது எங்கே போகிறது?" என்று கேட்டார். விறகிலிருந்து வாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு 2006இல், ஊராட்சியின் சேமிப்பிலிருந்து சுமார் 40 லட்சமும், பாங்கிக் கடனாகச் சுமார் 1 கோடியே 15 லட்சமும் போட்டு, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி நிறுத்தினார்கள். ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று ஊராட்சி வருமானம் தேடிக்கொண்டது.

ஓடந்துறையார் மந்திரம் ஒன்றும் போடவில்லை. வரவையும் செலவையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தார்கள். அவ்வளவே.

கேட்பது எப்படி?

ராஜஸ்தானத்துக் கூலியாட்கள் நமக்கு ஒரு வழி காட்டினார்கள். 1994 டிஸம்பரில் கோட்கிரானா என்ற கிராமத்தில் வேலைக் கணக்கைப் பொது மேடையில் உரக்கப் படிக்கச் செய்தனர். இப்படிப் பல ஊர்களில் படித்தபோது, இறந்தவர்களும் கூலி வாங்கியதாக எழுதியிருந்தது அம்பலமாயிற்று. அந்தக் கிளர்ச்சியின் பயன் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ் நாடு 1997லேயே இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது என்பது பலருக்கு நினைவில் இல்லை.

ஒரு மனு, பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாட்களுக்குள் பதில் வரவேண்டும். கேட்கத் தெரிந்து கேட்பது முக்கியம். "ரஸ்தா ஏன் மோசமாயிருக்கிறது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. மதிப்பீட்டின் நகல், ஒப்பந்தப் பத்திரம், அளவுப் புத்தகம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். முடிந்த வேலையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை எஞ்சினீயர் அளந்து எழுதும் புத்தகம் அது. அதைப் பார்த்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் பட்டுவாடா ஆகிறது. நகலைக் கையில் வைத்துக்கொண்டு அளவு நாடாவுடன் தெருவில் இறங்கினால், நீளமும் அகலமும் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரிந்துவிடும். எத்தனை காலம்வரை பழுதுகளை ஒப்பந்தக்காரரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதும் பத்திரத்தில் இருக்கும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடவேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே வைக்கப்பட வேண்டும். நகரவாசிகளுக்கும் 2022 நவம்பர் முதல் பகுதி சபைகள் ஏற்பட்டன. கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருவது, கணக்கைப் படிக்காமலே "சரி" என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமானம். முக்கியமாக, வீட்டுக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் ஸ்திரீகள் போகவேண்டும். ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி இடம் இன்று அவர்களுடையது. 2022இல் கோயமுத்தூருக்கு முதல் முறையாக ஒரு பெண் மேயரும் வந்தார்.

இவ்வளவையும் அன்று திண்ணையில் நம் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டி வெளியே வந்தார்.

"அந்தக் காயிதத்துக்கு எவ்வளவுங்க கட்டோணும்?"

"பத்து ரூபாய், அம்மா."

"பத்துத்தானுங்களா? இவன் மிட்டாய்க்கே பதினெட்டு ஆச்சுங்களே!"

நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, 'எதிர் ரோடு' என்று எழுதி, தொகைக்கு இடம் விட்டு வைத்தார். பேரனைக் கூப்பிட்டு, "கண்ணு, பள்ளிக்கூடத்துப் பேனாவ எடுத்துட்டு வா, ஒரு மனு எழுதோணும்" என்றார்.