செயற்கைக்கோள் படம் திறக்கவில்லையா? வரம்பை நீக்கும் முன் ஒரு நிமிடம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் மேகப் படங்களைத் தாங்களே தரவிறக்கி, வண்ணமேற்றி, வாட்ஸ்அப் குழுக்களில் பகிரும் ஆர்வலர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல காரியம். அவர்களில் பலரும் முட்டி நிற்கும் இடம் ஒன்றுதான்: கோப்பு வந்துவிடும், படம் வராது. மென்பொருள் ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். உடனே எங்கோ கிடைத்த இரண்டு வரிக் கட்டளையைப் போட்டு, மென்பொருள் வைத்திருக்கும் பட அளவு வரம்பையே நீக்கிவிடுகிறார்கள்.

தரவைப் பெறுவது உங்கள் உரிமைதான், அதில் தயக்கம் வேண்டாம். அடிப்படை வானிலைத் தரவுகளை நாடுகள் கட்டணமின்றிப் பகிர வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 1995-லேயே தீர்மானம் போட்டது. 2021-ல் அதை விரிவுபடுத்தியது. ஜப்பானின் ஹிமவாரி-9 தரும் மூலத் தரவு அமேசானின் திறந்த சேமிப்பகத்தில் யாருக்கும் கிடைக்கிறது. நமது இன்சாட் தரவை இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் பதிவு செய்துகொண்டு பெறலாம். சாட்பை, சாட்டம்ப் போன்ற மென்பொருள்கள் திறந்த உரிமத்தில் வருபவை. அவற்றைத் திருத்தவும், குறை கண்டால் உருவாக்கியவர்களிடம் முறையிடவும் உங்களுக்கு வழி உண்டு.

சிக்கல் படத்தின் அளவில் இருக்கிறது. ஹிமவாரியின் மூன்றாம் அலைவரிசை அரை கிலோமீட்டர் நுணுக்கம் கொண்டது. பூமியின் முழுவட்டப் படம் 22,000-க்கு 22,000 பிக்சல், அதாவது 48.4 கோடி பிக்சல். கோப்பில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். கணக்கிடும்போது அது 8 பைட்டாக விரிந்தால் இந்த ஓர் அலைவரிசையே ஏறக்குறைய 3.9 ஜிபி ரேமை எடுத்துக்கொள்ளும். இயல்வண்ணப் படத்துக்காக மூன்று அலைவரிசைகளை இதே அளவுக்கு விரித்தால் 11.6 ஜிபி. 8 ஜிபி மடிக்கணினி தாங்காது.

ரேம் போதுமானதாக இருந்தாலும் மென்பொருள் மறுக்கலாம். பைத்தானின் பில்லோ நூலகம் சுமார் 8.9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், 17.9 கோடியைத் தாண்டினால் திறக்கவே மறுக்கும். அதனால் ஹிமவாரியின் அகச்சிவப்புப் படம், 3 கோடி பிக்சல்தான் என்பதால், சத்தமில்லாமல் திறக்கும். ஒரு கிலோமீட்டர் படத்துக்கு எச்சரிக்கை வரும். அரை கிலோமீட்டர் படத்தில் நின்றுவிடும். ஒரே நிரல் மூன்று விதமாக நடப்பதைப் பார்த்து, கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தரவிறக்குபவர்கள் உண்டு. உபுண்டுவில் வரும் இமேஜ்மேஜிக் மென்பொருளிலும் அகலத்துக்கும் உயரத்துக்கும் 16,000 பிக்சல் என்ற வரம்பு முன்கூட்டியே போடப்பட்டிருக்கும்.

இந்த வரம்புகள் காரணத்தோடு வைக்கப்பட்டவை. பார்வைக்குச் சிறியதாக இருந்து, திறந்ததும் ரேம் முழுவதையும் விழுங்கும்படி வேண்டுமென்றே செய்யப்பட்ட படக் கோப்புகள் உண்டு. 2016-ல் இமேஜ்மேஜிக்கில் கண்டறியப்பட்ட ஓட்டை, ஒரு படத்தைக் கையாண்டாலே வெளியார் கட்டளை உங்கள் கணினியில் ஓடும் அளவுக்கு மோசமானது. இமேஜ்மேஜிக்கின் வரம்புகள் எழுதப்பட்டிருக்கும் பாலிசி கோப்பை மொத்தமாக அழித்தால் பிக்சல் வரம்போடு மற்றப் பாதுகாப்புகளும் போய்விடும். எனவே அகலம், உயரம், பரப்பு, வட்டு ஆகிய வரிகளை மட்டும் தேவையான அளவுக்கு உயர்த்துங்கள். பில்லோவில் வரம்பை ‘இல்லை’ என்று மாற்றாமல் 50 கோடி என்று எண்ணாகவே கொடுங்கள். அதுவும் வானிலை நிறுவனத்திடமிருந்து நேரடியாக எடுத்த கோப்புக்கு மட்டும். டெலிகிராமில் வந்த கோப்புக்கு வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, தேவையற்றதைத் திறக்காமலே இருப்பது. ஹிமவாரியின் முழுவட்டப் படம் வடக்கிலிருந்து தெற்காகப் பத்துப் பட்டைகளாகப் பிரித்தே வெளியிடப்படுகிறது. வங்கக் கடலுக்கு நான்காம், ஐந்தாம் பட்டைகள் போதும். நினைவகச் சுமை ஐந்தில் ஒன்றாகிவிடும். சாட்பை தரவைத் துண்டு துண்டாகவே கணக்கிடும். துண்டின் அளவையும் ஒரே நேரத்தில் ஓடும் பணிகளின் எண்ணிக்கையையும் குறைத்தால், நேரம் கூடினாலும் வேலை முடியும். இன்னொன்று: உலக நேரம் 02:40, 14:40 மணிக்கு, அதாவது இந்திய நேரம் காலை 8:10, இரவு 8:10-க்கு, ஹிமவாரியின் முழுவட்டப் படம் வழக்கமாக வராது. அது செயற்கைக்கோளின் பராமரிப்பு நேரம். உங்கள் மென்பொருளில் கோளாறு தேடாதீர்கள்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது, பிழைச்செய்தி காட்டாமல் நடப்பவை. பெரிய படத்தைச் சில மென்பொருள்கள் சொல்லாமலே சுருக்கிக் காட்டும். சிறிய இடிமேகங்கள் அதில் கரைந்துவிடும். 4,096 படிநிலை கொண்ட அகச்சிவப்புத் தரவை ஜேபெக்காகச் சேமித்தால் 256 படிநிலைதான் மிஞ்சும். மிக ஆபத்தானது தானியங்கி வண்ண அளவீடு. ஒவ்வொரு படத்திலும் உள்ள அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை வைத்து மென்பொருள் புதிதாக வண்ணம் பிரிக்கும். முதல் படத்தில் மைனஸ் 80 டிகிரிக்குக் கிடைத்த சிவப்பு, அடுத்த படத்தில் மைனஸ் 60 டிகிரிக்கே கிடைத்துவிடும். மேகம் வலுவிழந்துகொண்டிருக்கும், படமோ புயல் வலுப்பதாகச் சொல்லும். வெப்பநிலை எல்லையை நீங்களே நிரந்தரமாகக் குறித்துவிட்டால் இது நடக்காது.

இப்படிப்பட்ட படம் ‘புயல் எச்சரிக்கை’ என்ற தலைப்போடு கிளம்பினால் மீனவர் குடும்பங்கள் பதறும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் 54-ஆம் பிரிவு, பீதியூட்டும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. வேண்டுமென்றே செய்யாதவரும் விளக்கம் சொல்லும் நிலைக்கு ஆளாகக்கூடும். ஆகவே பகிரும் படத்தில் செயற்கைக்கோளின் பெயர், அலைவரிசை, இந்திய நேரம், வெப்பநிலை அளவுகோல் நான்கையும் எழுதுங்கள். எச்சரிக்கை என்ற சொல்லை இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு விட்டுவிடுங்கள்.