சகோதர நாடும் நேச நாடும்

வெளிநாட்டு விவகாரங்களைத் தமிழாக்கும் எம் தொழிலில் 'நேச நாடு', 'சகோதர நாடு' என்னும் இரு சொற்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. முன்னது உடன்படிக்கையால் உண்டாவது. பின்னதற்குக் கையொப்பம் வேண்டியதில்லை. சமய ஒற்றுமையே போதும் என்பர். இரண்டும் ஒன்றுதானா? அண்டை நாட்டு வரலாறு ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

1947இல் பாகிஸ்தான் சமயத்தின் பெயரால் அமைந்தது. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் இடைவெளியில் கிடந்த இரு பகுதிகளையும் பிணைத்த கயிறு பெரிதும் அதுவே. உருது ஒன்றையே அரசாங்க மொழியாக்க முனைந்தபோது கிழக்குப் பகுதி கொதித்தெழுந்தது. 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் மாணவர் உள்ளிட்ட சிலர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். தாய்மொழி வழங்காத ஊர்களில் குடித்தனம் நடத்தும் நமக்கு இந்த வேதனையை விளக்க வேண்டுவதில்லை. 1970 தேர்தலில் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் பெரும்பான்மை பெற்றது, ஆட்சி தரப்படவில்லை. 1971 மார்ச் 25இல் ராணுவம் பாய்ந்தது. சுமார் ஒரு கோடி மக்கள் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். அந்நாளில் கல்கத்தாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் சால்ட் லேக் முகாமை எளிதில் மறந்திருக்க மாட்டா.

அப்போரில் யாருக்கு யார் துணை? பாகிஸ்தானுக்குப் பக்கபலமாக நின்றவை அமெரிக்காவும், சமயத்தையே ஏற்காத செஞ்சீனமும். இந்தியா ஆகஸ்ட் 9இல் உடன்படிக்கை செய்துகொண்டது சோவியத் ருஷ்யாவுடன். அரபு நாடுகள் பலவற்றின் அனுதாபம் பாகிஸ்தானுக்கு இருந்தது. அது போரின் போக்கை மாற்றவில்லை. டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

ஆகவே சமயத்துக்கு வலிமையே இல்லை என்று முடிவு கட்டினால் அது அவசரமாகும். 1974 பிப்ரவரியில் லாகூரில் இஸ்லாமிய நாடுகளின் மாநாடு கூடிற்று. குவைத் வெளிநாட்டு அமைச்சர் முதலியோர் டாக்கா சென்று முஜிபை அழைத்து வந்தனர். மாநாடு தொடங்கிய 22ஆம் தேதியன்றே பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது. மூன்றாண்டுக்கு முன் ரத்தம் சிந்தியவர்கள் மானம் குன்றாமல் சந்திக்க ஒரு கூடம் வேண்டியிருந்தது. சமயம் அதை அளித்தது. ஏப்ரலில் தில்லியில் மூன்று நாடுகளும் உடன்பட்டதால், போர்க்குற்றம் சாட்டப்பட்டிருந்த 195 பாகிஸ்தானியக் கைதிகளும் விசாரணையின்றித் தாயகம் திரும்பினர். மாண்டவர்களின் குடும்பத்தார் அதை எவ்வாறு ஏற்றிருப்பர் என்பதை உடன்படிக்கை வாசகம் சொல்லாது.

சவூதி அரேபியாவோ அப்போதும் அசையவில்லை. 1975 ஆகஸ்டில் முஜிப் கொல்லப்பட்ட பின்னரே அது அந்தச் சகோதர நாட்டை அங்கீகரித்தது.