ரைன் நதியைக் கேட்டாள், பழவேற்காட்டைக் காட்டினேன்!

"அம்மா, ரைன் நதியை நாம ஒரு தடவை நேர்ல பார்க்க முடியுமா?"

ஐரோப்பாவின் நதிகளைப் பற்றிப் பாடம் படித்துக் கொண்டிருந்த என் மகள் திடீரென்று இப்படிக் கேட்டாள். மாசக் கடைசி, மளிகைக் கணக்கோடு மல்லாடிக் கொண்டிருந்த எனக்குச் சிரிப்புதான் வந்தது. "நதியைக் காட்ட நம்மால ஆகாதுடி கண்ணு. அந்தச் சீமையிலேர்ந்து வந்தவங்க கோட்டை கட்டி வாழ்ந்த ஊரைக் காட்டறேன், வா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு நாங்கள் நாலு பேரும் கிளம்பிவிட்டோம். சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோ மீட்டர். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். காலை பத்து மணிக்கெல்லாம் பழவேற்காட்டில் இருந்தோம்.

விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் 1610-ல் அனுமதி பெற்று, 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை எழுப்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கெல்ட்ரியா. ரைன் நதி பாயும் கெல்டர்லாந்து என்ற அவர்கள் நாட்டு மாகாணத்தின் பெயர் அது. என் மகளுக்கு ஒரே குஷி! கோட்டை இப்போது புதர் மண்டிய மேடுதான். ஆனால் பக்கத்திலிருக்கும் குப்பத்துக்குக் கோட்டைக்குப்பம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. வாசலிலேயே எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். சின்னவன் என் முந்தானைக்குள் ஒளிந்து கொண்டான். உள்ளே 1600-களில் செதுக்கிய கற்பலகைகள். எழுத்துகளைத் தடவிப் பார்த்தால், நேற்றுச் செதுக்கியது போல இருக்கிறது.

இவ்வளவு தூரம் எதற்காக வந்தார்கள்? துணிக்காகத்தான்! இங்கே வாங்கிய துணியைக் கிழக்கே இருந்த தீவுகளுக்குக் கொண்டுபோய், கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். 'புலிகாட்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த இந்த ஊரின் பெயர்தான் அது. "அப்பா கட்டிக்கிற கைலியா?" என்று வாயைப் பிளந்தான் சின்னவன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. சொல்லத்தான் மனசு கூசுகிறது. பஞ்ச காலங்களில் ஒரு வேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பெற்ற பிள்ளைகளையும் விற்றவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் இதே துறைமுகத்திலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அது. கப்பல் ஏற்றியவர்களுக்குக் கல்லறையும் பெயரும் இருக்கிறது. கப்பலேறிய தாய்மார்களுக்கு ஒரு கல்கூட இல்லையே! என்னையறியாமல் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக் கொண்டேன்.

1690-ல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமானது.

பிறகு பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனோம். ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறு பக்கம் சலனமில்லாத ஏரி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இதுதான். தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன.

"அண்ணா, படகில் ஒரு சுற்றுப் போகலாமே" என்றாள் நாத்தனார். நான் ஒப்பவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் இந்தத் தண்ணீரில்தான் மாண்டார்கள். கரையிலிருந்தே பார்த்தால் அழகு குறைந்தா போகும்?

முழங்கால் தண்ணீரில் சில பெண்கள் குனிந்து சேற்றைத் துழாவி இறால் பிடித்துக் கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, கைதான். ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தார்கள். கரையேறிய ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இறால் குஞ்சு கடல்லேர்ந்துதாம்மா உள்ளே வரணும். முகத்துவாரம் தொறந்திருந்தாத்தான் வரும். மண்ணு வந்து மூடிடுச்சுன்னா ஏரி சூடேறி, உப்பேறிப் போயிடும். அப்புறம் எங்க அடுப்புல பூனைதான் தூங்கும்" என்றார்.

மண் மூடும்போது மீனவர்கள் தாங்களே பணம் போட்டு வெட்டித் திறந்த காலங்கள் உண்டாம். ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நல்ல தண்ணீர், கடல் தரும் உப்புத் தண்ணீர் - இரண்டும் அளவாகக் கலந்தால்தான் ஏரி உயிரோடிருக்கும். நம் சமையல் மாதிரி, உப்பு கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது!

அவரிடமே அரை கிலோ இறால் வாங்கினேன். பேரம் பேச வாய் வரவில்லை.

நீங்களும் ஒருமுறை குழந்தைகளோடு போய் வாருங்களேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகளைப் பார்க்கலாம். குடிக்கத் தண்ணீர், குழந்தைகளுக்குத் தொப்பி மறக்க வேண்டாம். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் ஏரிக்கரையில் போடாமல் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மகள் ரைன் நதியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "முகத்துவாரம் மூடிட்டா அந்த ஆயா என்னம்மா பண்ணுவாங்க?" என்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.