அலுவலக லேசர் அச்சுப்பொறிக்கு ஏற்ற இயக்கியைத் தேர்தல்: கர்க்லாண்ட் சூழலில் தமிழ் அச்சு

கனடாவில் மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள கர்க்லாண்ட் நகரின் அலுவலகங்களில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அன்றாடம் அச்சாகின்றன. அதே லேசர் அச்சுப்பொறியில் தமிழ் மடலொன்றை அச்சிடும்போது, திரையில் செம்மையாகத் தெரிந்த பெயர் தாளில் வெற்றுக் கட்டங்களாகவோ பொருளற்ற உரோமன் எழுத்துகளாகவோ மாறிவிடக்கூடும். திரையிலேயே பிழையிருப்பின் காரணம் எழுத்துருவோ குறியீட்டு முறையோ ஆகும். தாளில் மட்டும் பிழையிருப்பின் முதலில் ஆராய வேண்டியது அச்சுப்பொறி இயக்கியே.

‘கொ’ என்பது ஒருங்குறியில் ககரம், ஒகரக் குறி என இரு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. காட்சியில் கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களாக விரிகிறது. இவ்வமைப்பைச் செய்வது இயங்குதளம். எனவே இயக்கி தமிழ் அறிந்திருக்க வேண்டியதில்லை. தரப்பட்ட வடிவங்களை மாற்றாது அனுப்பினால் போதும். அச்சுப்பொறியில் உறையும் எழுத்துருக்களில் பொதுவாகத் தமிழ் இராது. இயக்கி அவற்றை மாற்றீடாகக் கொள்ளும்போதே சிதைவு நேர்கிறது. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘டேப்’ போன்ற பழைய எட்டு பிட்டுக் குறியீடுகளில் இது மேலும் வெளிப்படை: பிரெஞ்சின் குறியிட்ட எழுத்துகள் அமர்ந்த மேற்பாதி இடங்களிலேயே தமிழும் அமர்ந்திருப்பதால், எழுத்துரு மாறினால் தமிழ்ச்சொல் பிரெஞ்செழுத்துக் குவியலாகிவிடும்.

இயக்கிகள், பக்கத்தை விவரிக்கும் மொழியால் வேறுபடுகின்றன. பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆகியவை பரவலானவை. விலை குறைந்த பொறிகள் பல, கணினி ஆக்கித்தரும் புள்ளிப்படத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே பொறி ஏற்கும் மொழியைக் கையேட்டில் கண்டு, அதற்குரிய இயக்கியை நிறுவி, எழுத்துரு மாற்றீட்டை நிறுத்தி, ஆவண எழுத்துருவையே அனுப்புமாறு அமைத்தல் வேண்டும். அதன் பின்னரும் பிழை நீடிப்பின் பக்கத்தைப் படமாக அச்சிடலாம். வேகம் குறையினும் எழுத்து பிழைக்கும். பிற நிறுவன இயக்கிகளுக்கான ஆதரவைப் படிப்படியாக முடித்துக்கொள்வதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. எனவே ஐ.பி.பி. நெறிமுறையைப் பின்பற்றும் பொது இயக்கியையும் சோதித்தல் நன்று.

தாளளவும் கருதத்தக்கது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உருவாகும் ஆவணம் பெரும்பாலும் 297 மி.மீ. உயர ஏ4 அளவினது. கனடிய லெட்டர் தாளின் உயரம் 279 மி.மீ. இயக்கியில் அளவுப் பொருத்தம் அமைக்கப்படாவிடின் இறுதி வரிகள் வெட்டுப்படக்கூடும்.

‘கொ’, ‘ஸ்ரீ’, பிரெஞ்சுக் குறியெழுத்து, பழைய எழுத்துருவில் ஒரு வரி ஆகியவை கொண்ட ஒரே சோதனைப் பக்கத்தை ஒவ்வோர் இயக்கியாலும் அச்சிட்டு ஒப்பிட்ட பின்னரே தேர்வை உறுதிசெய்தல் தகும். ஒருவரின் பெயர் அவர் மொழியில் பிழையின்றித் தாளில் ஏறுதல் இச்சிறு தேர்வைப் பொறுத்ததாகும்.