பயிருக்கும் இரவு வேண்டும்

கமக்காரர்களே! மண், நீர், பசளை ஆகியவற்றைப் பற்றி நாம் கவலை கொள்கிறோம். பயிருக்கு இருளும் தேவை என்பதை எண்ணுவோர் சிலரே. வீதிக்கென்றும் தேயிலைத் தொழிற்சாலை முற்றத்திற்கென்றும் ஏற்றிய விளக்கு வேலி தாண்டி வயலில் விழுமாயின், விளைச்சல் கெடக்கூடும்.

கெடுதி நேரும் வகை

நெல் இரவின் நீளத்தை அளந்து கதிர் தள்ளும் பயிராகும். மலைநாட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்திற்கும் குறைவே. அச்சிறு வேறுபாட்டையும் மாவீ போன்ற பழைய பெரும்போக இனங்கள் உணர்கின்றன. பூரணை நிலவின் ஒளி ஏறத்தாழக் கால் லக்ஸ். வீதி விளக்கின் அடியிலோ 10 லக்ஸும் அதற்கு மேலும் இருத்தல் கூடும். அவ்வொளியில் நிற்கும் பயிர், இரவு குறுகிற்றென்று கொண்டு கதிர் தள்ளத் தாமதிக்கும். வயல் முற்றிய பின்னரும் கம்பத்தை அடுத்த பகுதி பச்சையாகவே நிற்கும். அதனையும் சேர்த்து அறுத்தால் பதர் மிகும்; காத்திருந்தால் முற்றிய நெல் உதிரும். புதிய குறுங்கால இனங்கள் பலவற்றிற்கு இப்பாதிப்புக் குறைவு.

சலாது, முள்ளங்கி ஆகியன இதற்கு மாறாக, ஒளி நீளின் காலத்திற்கு முன்னரே பூந்தண்டு விடக்கூடும். தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சியும் கபில நிறத் தத்தியும் விளக்கை நாடி வருவன.

பிற நாட்டுச் சட்டங்கள்

விளக்கை ஒழிப்பதன்று, அடக்குவதே இச்சட்டங்களின் நோக்கம். அமெரிக்காவின் பிளாக்ஸ்டாஃப் நகர் 1958ஆம் ஆண்டிலேயே, வானாராய்ச்சியின் பொருட்டுத் தேடொளி விளக்குகளைக் கட்டுப்படுத்தியது. ஜப்பானின் பிசெய் ஊர் 1989இல் ஒளி மாசுத் தடுப்பு விதியை இயற்றியது. அந்நாட்டு அரசு 1998இல் வெளியிட்ட வழிகாட்டி, பயிருக்கு நேரும் கெடுதியையும் கருத்திற் கொண்டது. எனினும், வானை மறைக்கும் மூடி மாத்திரம் வயலுக்குப் போதாது. வயற்புறத்திலும் மறைப்புத் தகடு வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

1. இரவில் வயலில் நின்று பாருங்கள். விளக்கின் குமிழ் நேரே கண்ணிற் பட்டால், அதன் ஒளி பயிரிலும் படுகிறது.

2. பிரதேச சபைக்கோ தோட்ட நிருவாகத்திற்கோ எழுதுங்கள். விளக்கை அகற்றுமாறு கேளாதீர்கள். சிறுத்தை நடமாடும் மலைப்பாதையில் லயத்திற்குத் திரும்புவோருக்கு அது காவல். தகடு பொருத்தி, ஒளியைப் பாதைக்குத் திருப்புமாறு கேளுங்கள்.

3. அதுவரை, கம்பத்தை அடுத்த பாத்தியில் ஒளியால் பாதிக்கப்படாத இனத்தையே பயிரிடுங்கள்.

பாதைக்கு ஒளியும் பயிருக்கு இருளும் ஒருங்கே கிடைத்தல் இயலும்.