'கதவு' என்று பெயர் வைத்துக்கொண்ட வக்கீல்

முருகனின் மகன் கந்தசாமி. அவர் மு. கந்தசாமி என்று கையெழுத்துப் போடுவார். கந்தசாமியின் மகன் செல்வம். அவர் க. செல்வம். தாத்தாவின் 'மு' பேரனிடம் வந்து சேருவதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறிக்கொண்டே போகும். இது நம் வழக்கம்.

புதுச்சேரி நகரில் வேறு விதமான தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அங்கே தாத்தா, மகன், பேரன் எல்லோருக்கும் பின்னால் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் குடும்பப் பெயர். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'நோம்' என்று பெயர்.

உலகத்தில் பெரும்பாலான குடும்பப் பெயர்கள் எப்போது பிறந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் புதுச்சேரித் தமிழர்கள் பலருடைய குடும்பப் பெயர் எந்தச் சட்டத்தால் வந்தது, அந்தச் சட்டம் என்று பிறந்தது என்று தேதியோடு சொல்லலாம். 1881-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி!

அந்தக் கதை ஒரு ஜோடி பூட்சில் தொடங்குகிறது.

பூட்ஸ் போட்டதால் வந்த வழக்கு

புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. பொன்னுத்தம்பி பிள்ளை என்பவர் அங்கே வக்கீல் தொழில் செய்துவந்தார். 1873-ம் ஆண்டில் ஒருநாள் அவர் வெள்ளைக்காரர்களைப் போலக் காலுறையும் பூட்சும் அணிந்து கோர்ட்டுக்குள் நுழைந்தார்.

வெள்ளைக்கார வக்கீல்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரலாம். இந்தியர் வரக்கூடாது! அதுதான் அன்றைய வழக்கம். கோர்ட்டு அவர் செய்ததைக் குற்றமாக எடுத்துக்கொண்டது.

பொன்னுத்தம்பி பிள்ளை சும்மா இருக்கவில்லை. பாரிசில் இருந்த உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்தார். கப்பலில் காகிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும் காலம் அது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இந்திய வக்கீல் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்கு வருவதில் தவறு இல்லை என்று ஆயிற்று.

கால் வரைக்கும் சமத்துவம் கிடைத்துவிட்டது. தலை வரைக்கும் கிடைக்க வேண்டாமா? வெள்ளைக்காரருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் என்று இருக்கும்வரை சமத்துவம் ஏது என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் கேட்டார்கள்.

துறந்தவர்கள்

1881-ல் வந்த அந்த ஆணை சொன்னது இதுதான். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய பிரெஞ்சு ஊர்களில் உள்ள இந்தியர்கள், 21 வயது நிறைந்தவர்கள், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ மதமோ ஆனாலும், தங்கள் முன்னோர் வழிச் சட்டத்தை விட்டுவிடலாம். விட்டவர்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்தும். ஒரு முறை விட்டால் விட்டதுதான். திரும்பப் பெற முடியாது.

அப்படி விட்டவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். 'துறந்தவர்' என்று பொருள். காவி கட்டிய துறவி அல்ல. கோட்டுப் போட்ட துறவி!

இதில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. துறப்பவர் தமக்கும் தம் சந்ததிக்கும் சேர்த்து ஒரு குடும்பப் பெயரை அதே பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். இனிப் பிறக்கப் போகும் கொள்ளுப்பேரனுக்கும் பெயர் வைக்க வேண்டும். அதுவும் அந்த நிமிடத்திலேயே!

பொன்னுத்தம்பி பிள்ளை தேர்ந்தெடுத்த பெயர் 'லப்போர்த்'. பிரான்சில் ஏற்கெனவே வழங்கும் பெயர்தான் அது. 'போர்த்' என்றால் கதவு. முன்னால் உள்ள 'ல' என்பது பிரெஞ்சுக்காரர்கள் சொல்லுக்கு முன் வைக்கும் சிறு அடைமொழி. தம் மக்களுக்கு முன்னேற்றத்தின் கதவைத் திறந்துவிடுகிறோம் என்ற எண்ணத்தில்தான் இப்படிப் பெயர் வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பிள்ளை என்ற சாதிப் பட்டம் போயிற்று. அந்த இடத்தில் கதவு வந்து நின்றது.

எல்லோரும் இப்படிப் பிரெஞ்சுச் சொல்லைத் தேடவில்லை. துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் பலர் அவர்களில் இருந்தனர். வேதத்தில் வரும் பெயர்களையும், புனிதர் பெயர்களையும், தகப்பனார் பெயரையும் குடும்பப் பெயராக எழுதி வைத்தவர்கள் உண்டு. புதுச்சேரியில் மரியதாசு என்ற பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் காணலாம். மரியாளின் தாசன் என்ற தமிழ்க் கிறிஸ்தவப் பெயர்தான் அது. நம் நாட்டு வைத்திய முறைகளைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் புத்தகம் எழுதிய டாக்டர் பரமானந்த மரியதாசு இந்தப் பெயர் கொண்டவர்தான்.

கொடுத்த விலை

பெயர் மட்டுமா மாறியது? குடும்பமே மாறியது. பிரெஞ்சுச் சட்டப்படி ஒருவனுக்கு ஒரு மனைவிதான். தகப்பன் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அந்தக் காலத்து இந்துப் பெண்களுக்கு இது கனவிலும் கிடைக்காத உரிமை.

இதற்கு மறுபக்கமும் இருந்தது. பிள்ளை இல்லாதவர்கள் குழந்தையைத் தத்து எடுப்பது நம் பழைய வழக்கம். அன்றைய பிரெஞ்சுச் சட்டம் குழந்தையைத் தத்து எடுக்க விடாது. வயது வந்தவரைத்தான் எடுக்கலாம். எடுப்பவருக்கும் ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும்.

மேல்சாதி இந்துக்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கமே வரவில்லை. சண்முக வேலாயுத முதலியார் அவர்களுக்குத் தலைவராக இருந்தார். சாதியும் சாத்திரமும் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். பல ஆண்டுகள் புதுச்சேரி அரசியலில் அவர் கைதான் ஓங்கியிருந்தது.

துறந்தவர்களுக்காவது முழுச் சமத்துவம் கிடைத்ததா? அதுதான் இல்லை. 1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று! கதவைத் திறந்தவர்களை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். 1899-ல் அந்த நடுப் பட்டியலும் எடுக்கப்பட்டது.

ஆனாலும் பெயர் கடல் கடந்து சோறு போட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோன் பட்டணத்தில் சுங்கம், வரி வசூல், போலீஸ் என்று பல வேலைகளுக்குப் புதுச்சேரிக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். "நாங்களும் பிரெஞ்சுக் குடிமக்கள், வெள்ளைக்காரருக்கு உள்ள உரிமை எங்களுக்கும் வேண்டும்" என்று துறந்தவர்கள் அங்கேயும் போய் வழக்காடினார்கள். வழக்கு அவர்களுக்குப் புதிதா என்ன?

சைகோனில் பேர் பெற்றது புருஷாந்தி குடும்பம். நம் நாட்டுப் பெயரே அங்கே குடும்பப் பெயராக நின்றது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லெயோன் புருஷாந்தி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தம் மாளிகையை இந்திய சுதந்திர லீக்குக்குக் கொடுத்தார். நேதாஜியின் இயக்கத்துக்கு அந்த வீடு இடம் தந்தது. பிரெஞ்சு எழுத்தில் பெயர், நெஞ்சில் இந்தியா!

ஹவாய்த் தீவில்

பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவு மக்களுக்கும் நம்மைப் போலவே ஆளுக்கு ஒரு பெயர்தான் இருந்தது. நான்காம் கமேகமேகா மன்னர் 1860-ல் ஒரு சட்டம் போட்டார். இனிப் பிறக்கும் குழந்தைகள் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டும். முன்னால் ஒரு கிறிஸ்தவப் பெயர் வைக்க வேண்டும். மனைவி கணவன் பெயரைத் தாங்க வேண்டும்.

இப்படித் தாத்தாக்களின் பெயர்கள் அங்கே உறைந்து நின்றன. இன்று ஹவாயில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களில் ஒன்று 'கெயலோஹா'. 'கெ' என்பது, லப்போர்த்தில் வரும் 'ல' போன்ற அடைமொழி. 'அலோஹா' என்றால் அன்பு. ஒரு ஊரில் கதவு. இன்னொரு ஊரில் அன்பு! அந்தச் சட்டம் 1967-ல் நீக்கப்பட்டது. பெயர்கள் போகவில்லை.

ஆறு மாதத் தவணை

1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி இணைப்பும் முடிந்தது. அங்கே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இந்தியர் ஆவார்கள்.

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் அதிகாரி முன்னால் கையெழுத்து! சில ஆயிரம் பேர் பிரான்சைக் கேட்டார்கள். பெரும்பாலோர் பேசாமல் இந்தியர் ஆனார்கள். துறந்தவர்களின் வழியில் வந்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் இன்றும் புதுச்சேரியில் வாக்குச்சாவடி திறக்கிறார்கள்.

இந்தியர் ஆனவர்களிடமும் அந்தப் பழைய கையெழுத்து விடவில்லை. 1963-ல் மத்திய அரசின் சட்டங்கள் புதுச்சேரிக்கு வந்தன. இந்துக்களின் தத்தெடுப்புச் சட்டமும், மைனர்களின் காப்பாளர் சட்டமும் அவற்றில் சேர்ந்தவை. இரண்டிலும் புதிதாக ஒரு வரி சேர்க்கப்பட்டது. புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதே அந்த வரி.